வெளியூர் வண்டி ஏறுபவர்களே உஷார்! கொசு கடிப்பது அங்கே... காய்ச்சல் வருவது இங்கே

நாமக்கல்:

நாமக்கல் மாவட்டத்தில் வெளியூர் பிழைப்புக்கு ஆள் போகாத வீடுகளை விரல் விட்டு எண்ணி விடலாம். திருச்செங்கோடு ரிக் வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியபிரதேசம் என்று தொடங்கி ஆப்பிரிக்க நாடுகள் வரை போய் ஆழ்துளை கிணறு போடுகின்றன. நாமக்கல் லாரி போகாத மாநிலம் இல்லை. இது போக சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று சுற்றுலா கிளம்பும் குடும்பங்களும் இப்போது அதிகம்.

கிளம்புகிறவங்க டீசல், டயர், சாப்பாடு, படி காசு என எல்லாவற்றுக்கும் கணக்கு போட்டுத்தான் கிளம்புறாங்க. கொசுவுக்கு மட்டும் யாரும் கணக்கு போடுவது இல்லை. அந்த கணக்கு போடாததால் என் சொந்தத்திலேயே ஒரு உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் இந்த விவரங்களை கேட்டு, படித்து, தொகுத்து எழுதுகிறேன்.

உகாண்டாவில் இருந்து வந்த பையன்

என் மாமன் மகன், வயது 27. ரிக் வண்டியில் ஆபரேட்டர். 3 மாத வேலையாக ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டுக்கு போனான். போகும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் நிற அட்டையும் வாங்கிக் கொண்டான். கூட்டிப்போன முதலாளி மலேரியா தடுப்பு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். வாரம் ஒரு மாத்திரை. அங்கே இருந்தவரை ஒழுங்காக சாப்பிட்டான். ஒரு நாள் கூட காய்ச்சல் இல்லை.

கோவை விமான நிலையத்தில் இறங்கியதும் மாத்திரை அட்டையை தூக்கிப்போட்டு விட்டான். "நம்ம மண்ணை மிதிச்சாச்சு, இன்னும் எதுக்கு இந்த கருமத்தை முழுங்கோணும்" என்பது அவன் கணக்கு.

ஊருக்கு வந்து 12-வது நாள் குளிர் காய்ச்சல் ஆரம்பித்தது. முதல் நாள் பக்கத்து தெரு கிளினிக்கில் ஊசி. அடுத்த நாள் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. 3-வது நாள் மறுபடியும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. அன்றைக்கு நான்தான் பைக்கில் உட்கார வைத்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போனேன். டைபாய்டு டெஸ்ட் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். சீட்டில் ஊர் பெயர் கேட்டபோது வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். 2 வாரத்துக்கு முன்னால் வரைக்கும் இவன் உகாண்டாவில் இருந்தான் என்று சொல்ல எனக்கு தோன்றவே இல்லை. ஊர் செய்தி எல்லாம் எழுதுகிறவன்... எனக்கே தோன்றவில்லை. அங்கிருந்த டாக்டரும் கேட்கவில்லை.

5-வது நாள் ராத்திரி கண் மஞ்சளாகி, சம்பந்தம் இல்லாமல் பேச ஆரம்பித்து விட்டான். ஆம்புலன்ஸ் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். ராத்திரி பணியில் இருந்த டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே வேறு.

"தம்பி எங்க வேலை பார்க்கறாரு?"

"வெளியூர்லீங்க" என்றார் அத்தை.

"எந்த வெளியூரு?"

"உகாண்டாங்க, கண்ணு."

அடுத்த நிமிடமே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். 20 நிமிடத்தில் முடிவு வந்து விட்டது. பால்சிபாரம் வகை மலேரியா. மூளையை தாக்கும் வகை இது. உடனே ஆர்ட்டிசுனேட் என்ற ஊசி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். 3 நாள் கழித்துத்தான் அத்தையை அடையாளம் கண்டுபிடித்தான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஊசி வேறு... மாத்திரை வேறு

இதில் நடந்த குழப்பம் நம்ம ஊரில் நிறைய பேருக்கு இருக்கிறது. ஆப்பிரிக்கா போகும்போது போடுகிற ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும்தான். அதுவும் கொசுவால் வரும் நோய்தான், ஆனால் அது வைரஸ். மலேரியா என்பது ரத்தத்தில் புகுந்து சிவப்பு அணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. ஒன்றுக்கு போட்ட ஊசி இன்னொன்றை தடுக்காது. மஞ்சள் காமாலைக்கும் இந்த ஊசிக்கும் கூட சம்பந்தம் கிடையாது.

மலேரியாவுக்கு தடுப்பூசி வந்து விட்டதே என்று சிலர் கேட்கிறாங்க. வந்திருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒன்றையும் 2023-ல் இன்னொன்றையும் பரிந்துரை செய்தது. 2-வது ஊசியை புனேயில் உள்ள சீரம் நிறுவனம்தான் தயாரிக்கிறது. ஆனால் அவை மலேரியா அதிகம் உள்ள நாட்டு குழந்தைகளுக்கு போடுவதற்கு. வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகும் பெரியவர்களுக்கு கிடையாது. நமக்கு மாத்திரையும் கொசுவலையும்தான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை தெருவுக்கு தெரு உள்ள கிளினிக்கில் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட் கட்டாயம். என்றைக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு போவது நல்லது, இங்கிருந்து பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. ஊசி போட்ட 10-வது நாளில் இருந்துதான் அட்டை செல்லும். நாளைக்கு விமானம், இன்றைக்கு ஊசி என்பது நடக்காது. முன்பு 10 வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டி இருந்தது. 2016 ஜூலை முதல் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் இருந்து இந்தியா வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைத்து விடுவார்கள். நம் நாட்டில் இதுவரை அந்த நோய் இல்லை. ஆனால் அதை பரப்பக்கூடிய கொசு மூலைக்கு மூலை இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு கெடுபிடி.

இனி மாத்திரை விஷயம். மலேரியா தடுப்பு மாத்திரையில் 3 வகை பழக்கத்தில் உள்ளது. வாரம் ஒன்று போடும் மெப்லோகுயின், தினம் ஒன்று போடும் டாக்சிசைக்ளின், தினம் ஒன்று போடும் அட்டோவாகுவோன்-புரோகுவானில். மெப்லோகுயினை கிளம்புவதற்கு 2, 3 வாரம் முன்பே தொடங்க வேண்டும். மற்ற இரண்டும் ஒன்றிரண்டு நாள் முன்னால் தொடங்கினால் போதும்.

முக்கியமானது முடிப்பதில்தான் இருக்கிறது. மெப்லோகுயின், டாக்சிசைக்ளின் இரண்டையும் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். காரணம் இதுதான். கடைசி நாள் ராத்திரி கடித்த கொசு உடம்பில் விட்ட கிருமி முதலில் கல்லீரலுக்குள் போய் ஒளிந்து வளரும். பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அது வெளியே வரும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். என் மாமன் மகன் அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தி விட்டான்.

இந்த மாத்திரைகள் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. வலிப்பு, மனநோய் இருந்தவர்களுக்கு மெப்லோகுயின் கொடுக்க மாட்டார்கள். தலைசுற்றல், கெட்ட கனவு வரலாம் என்பதால் வண்டி ஓட்டுகிறவங்க, மிஷின் பிடிக்கிறவங்க அதை டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேட்கலாம். டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு குறைந்த குழந்தைகளுக்கும் ஆகாது. அதை போட்டால் வெயில் சீக்கிரம் தோலை சுடும். நிறைய தண்ணீர் குடித்து விழுங்கணும், போட்ட உடனே படுக்கக் கூடாது. அதனால் மருந்துக்கடையில் நேராக கேட்டு வாங்காமல், எந்த நாடு, எத்தனை நாள், என்ன வேலை என்று டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள். நம் பெரியவர்கள் காலத்து குளோரோகுயின் மாத்திரையை நம்பி ஆப்பிரிக்கா போனால் பிரயோஜனம் இல்லை. அங்குள்ள கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

இன்னொன்று. "அங்க இருக்கறவங்களுக்கு வந்தா ரெண்டு நாள்ல எழுந்திருச்சு வேலைக்கு வந்தர்றாங்க, நமக்கு என்ன?" என்று ரிக் பையன்கள் பேசிக் கொள்வது உண்டு. அவங்க பிறந்ததில் இருந்து அந்த கடியை வாங்கி, உடம்பு ஓரளவு பழகிப் போனவங்க. நம்ம உடம்பு பழகவில்லை. அதே கொசு கடித்தாலும் நமக்கு அடி பலமாகத்தான் விழும்.

ராத்திரி கொசு... பகல் கொசு

கொசு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. மலேரியாவை பரப்பும் அனாபிலஸ் கொசு பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை கடிக்கும். சுவரில் உட்கார்ந்தால் பின்பக்கத்தை தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். இந்த வகை கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமி இருப்பதை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது நம்ம பக்கத்து செகந்திராபாத்தில்தான், 1897 ஆகஸ்ட் 20-ந்தேதி.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் இந்த நாலையும் பரப்புவது ஏடிஸ் கொசு. காலில் வெள்ளை வெள்ளையாக பட்டை இருக்கும். இது பகலில் கடிக்கும். காலை வெயில் ஏறும் நேரத்திலும், மாலை இருட்டுவதற்கு முன்பும் வேகம் அதிகம். நல்ல தண்ணீரில் முட்டை போடும். சாக்கடை இல்லாத சுத்தமான ஓட்டலில் ரூம் போட்டிருக்கிறோம் என்று தைரியமாக இருக்க முடியாது, பூச்சாடி தட்டில் நிற்கும் தண்ணீர் போதும் அதற்கு.

3-வது கியூலெக்ஸ். இது சாக்கடையிலும் வயலிலும் வளரும். யானைக்கால், மூளைக்காய்ச்சல் இரண்டும் இந்த ரகத்தால் வருகிறது. யானைக்கால் வர மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்க வேண்டும். 4 நாள் சுற்றுலா போகிறவங்க அதற்கு பயப்பட வேண்டியது இல்லை.

ஆக, கொசுவலை கட்டி தூங்கினால் மலேரியாவுக்கு பாதுகாப்பு. ஆனால் பகல் 10 மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது கடிக்கிற டெங்கு கொசுவுக்கு வலை என்ன செய்யும்? அந்த நேரத்துக்கு முழுக்கை சட்டை, முழு பேண்ட், திறந்த இடத்தில் தடவும் கிரீம். லுங்கி நமக்கு சவுகரியம்தான், ஆனால் கணுக்கால் இரண்டும் திறந்து கிடக்கும். கொசு தேடிப் போவதே அந்த இடத்தைத்தான். வெளிர் நிற துணி நல்லது, கருப்பு, கருநீலம் ஏடிஸ் கொசுவுக்கு பிடித்த நிறம். உடம்போடு ஒட்டின மெல்லிய பனியனுக்கு மேலேயே அது ஊசி போட்டு விடும்.

கிரீம் வாங்கும்போது

டீட், பிகாரிடின் என்ற மருந்துகள் உள்ள கிரீம் அல்லது ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். டப்பாவில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். குறைவாக இருந்தால் அடிக்கடி தடவ வேண்டும். வியர்வை விட்டு வேலை செய்கிற ரிக் பையன்களுக்கு எந்த கிரீமும் டப்பாவில் போட்ட நேரத்துக்கு நிற்காது, மறுபடி தடவத்தான் வேணும்.

வெயிலுக்கு போடும் கிரீமும் போடுவதாக இருந்தால் அதை முதலில் போட்டு, கொசு கிரீமை அதற்கு மேல் போடுங்கள். சட்டைக்கு உள்ளே தடவ வேண்டியது இல்லை. கண், வாய், புண் பக்கம் கூடாது. குழந்தைக்கு கையில் தடவ வேண்டாம், அது வாயில் வைத்துக் கொள்ளும். 2 மாதத்துக்கு குறைந்த பச்சை குழந்தைக்கு தடவவே கூடாது, தொட்டில் மேல் வலை போட்டால் போதும். டீட் மருந்து பிளாஸ்டிக்கை கரைக்கும். வாட்ச், மூக்குக்கண்ணாடி, செல்போன் ஜாக்கிரதை.

பூண்டு சாப்பிட்டால் கொசு வராது, வைட்டமின் பி மாத்திரை போட்டால் வராது, செல்போனில் ஒரு சத்தம் ஓடவிட்டால் ஓடிப்போகும் என்றெல்லாம் சொல்றாங்க. எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

ராத்திரி வேலை முடிந்து 2 பீர் போட்டு படுக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ என்ற நாட்டில் ஆட்களுக்கு பீர் கொடுத்து சோதித்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பீர் குடித்தவர்களின் வாடைக்கு மலேரியா கொசு அதிகமாக இழுபட்டதாம். அது போக, போதையில் படுத்தவன் எங்கே வலை கட்டப் போகிறான்?

வண்டியோடு ஊர் சுற்றும் கொசு

டெங்கு கொசுவின் முட்டை காய்ந்து போனாலும் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஏடிஸ் இனத்திலேயே ஆசிய புலிக் கொசு என்று ஒரு ரகம், பழைய டயர் வியாபாரத்தின் வழியாகத்தான் கப்பலேறி அமெரிக்கா வரைக்கும் போய் குடியேறியது. டயரின் உள்பக்கம் நிற்கும் மழைத்தண்ணீரில் முட்டை போட்டு, அந்த டயர் ஊர் மாறினால் கொசுவும் ஊர் மாறும்.

நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பட்டறைக்கு பஞ்சம் இல்லை. பட்டறை வாசலில் மழையில் கிடக்கும் டயர் அடுக்கை பார்க்கும்போது எல்லாம் எனக்கு இந்த விஷயம்தான் ஞாபகம் வருகிறது. மேலே தார்ப்பாய் போட்டு மூடினால் தீர்ந்தது வேலை. லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி, ரிக் வண்டியோடு போகும் தண்ணீர் டிரம், சமையல் அண்டா, தார்ப்பாய் மடிப்பில் தேங்கும் தண்ணீர் எல்லாமே கொசுவுக்கு தொட்டில்தான். முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், 10 நாள் போதும். அதனால் ஒரே இடத்தில் வண்டி நிற்கும்போது வாரம் ஒரு நாள் டிரம்மை காலி செய்து, உள்பக்கம் தேய்த்து கழுவ வேண்டும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கும்.

கொசுவலைக்கு நிகர் கிடையாது

வண்டியில் தூங்குகிறவங்களுக்கு கொசுவலையை போல பாதுகாப்பு வேறு இல்லை. மருந்து ஏற்றிய வலை கடையிலேயே கிடைக்கிறது. அதில் வந்து உட்காரும் கொசு செத்து விழும். வலையின் ஓரத்தை பாய்க்கு அடியில் சொருக வேண்டும். உடம்பு வலையில் ஒட்டிப் படுத்தால் வெளியே இருந்தபடியே கடித்து விடும். துவைத்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள், மருந்து சீக்கிரம் போகாது. ஓட்டை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பு வீட்டிலேயே விரித்துப் பார்த்து ஊசி நூலால் தைத்து விடுங்கள்.

எங்கே கட்டுவது என்று கேட்பீங்க. ரிக் வண்டி பைப் ரேக்கில் 2 முனை, பக்கத்து மரத்திலோ சப்போர்ட் லாரியின் கயிறு கொக்கியிலோ 2 முனை. டாபா கயிற்றுக் கட்டிலுக்கு நாலு கம்பு கட்டிக் கொள்ளலாம். கேபினுக்குள் படுக்கிறவங்க 2 பக்க கண்ணாடி திறப்புக்கும் வலைத்துணியை அளவாக வெட்டி ஒட்டி விடலாம். காசு பெரிசா ஆகாது.

கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே கொசுவத்தி சுருள் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகை மூச்சை அடைக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பஞ்சு, வைக்கோல், டீசல் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவே வேண்டாம். கரண்டில் வேலை செய்யும் லிக்விட் மிஷின் ஓட்டல் ரூமுக்கு சரி. ஜெனரேட்டரை நிறுத்தினதும் அது சும்மா பொம்மை. மின்விசிறிக் காற்று நேராக படும்படி படுத்தால் கொசு கிட்ட நெருங்க சிரமப்படும், அது பலவீனமாக பறக்கிற பூச்சி.

எந்த ஊருக்கு என்ன பயம்?

உலகத்தில் 2023-ம் ஆண்டு மட்டும் சுமார் 26 கோடி பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். இதில் 100-க்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். உகாண்டா, காங்கோ, நைஜீரியா, கானா எங்கே போனாலும் தடுப்பு மாத்திரை, வலை, கிரீம் மூன்றும் வேண்டும்.

இந்தியாவில் மலேரியா ரொம்பவே குறைந்து விட்டது. ஆனால் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் காட்டுப் பகுதிகளிலும், திரிபுரா, மிசோரம் பக்கமும் பால்சிபாரம் இன்னும் இருக்கிறது. நம்ம ரிக் வண்டியும் லாரியும் போகும் பாதை இதுதான் என்பதை சொல்ல வேண்டியது இல்லை.

கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் கதை வேறு. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு சான்று கொடுத்து விட்டது. அதனால் கொசுவே இல்லை என்று நினைத்து போகாதீங்க. 2017-ல் அங்கே 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. சிங்கப்பூரிலும் பயம் டெங்குதான். அவ்வளவு சுத்தம், அவ்வளவு அபராதம் இருந்தும் 2020-ல் 35 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது. மலேசியாவில் சபா, சரவாக் காட்டுப் பக்கம் போகிறவங்களுக்கு குரங்கில் இருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் ஒரு மலேரியா உண்டு. கோலாலம்பூர், பத்துமலை முருகனை பார்த்துவிட்டு வருகிறவங்களுக்கு அந்த பயம் இல்லை, பகல் கொசுவுக்கு கிரீம் தடவினால் போதும்.

கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஜிகா காய்ச்சல் பெரியவர்களுக்கு சாதாரணமாக வந்து போய்விடும், ஆனால் வயிற்றில் உள்ள குழந்தையின் தலை சிறுத்துப் பிறக்கச் செய்யும். 2015, 2016-ல் பிரேசில் நாட்டையே கலங்கடித்தது இது. 2021-ல் பக்கத்து கேரளாவிலும் வந்தது. தாம்பத்தியம் மூலமாகவும் பரவும். ஜிகா உள்ள பகுதியில் இருந்து திரும்பும் ஆண்கள் 3 மாதத்துக்கு ஆணுறை பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டில் மனைவி கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரைக்கும்.

காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்வது?

நாள் கணக்கு தெரிந்தால் பாதி விஷயம் புரியும். டெங்கு, சிக்குன்குனியா கொசு கடித்து 2 வாரத்துக்குள் காட்டி விடும். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சலுக்கு அந்த பயணத்து டெங்கு காரணமாக இருக்காது. மலேரியா அப்படி இல்லை. கடித்து 7 நாளுக்குள் வராது, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வரும். சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரும். மாத்திரை ஒழுங்காக சாப்பிட்டவருக்கும் வரலாம். ஆகவே மலேரியா உள்ள ஊருக்கு போய் வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது சளிக்காய்ச்சல் போல இருந்தாலும், "நான் இன்ன ஊருக்கு போய் இன்ன தேதியில் வந்தேன்" என்று டாக்டர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். வெளியூர் என்று சொன்னால் பத்தாது. எங்க அத்தை சொன்ன மாதிரி சொன்னால் சேலமா, சூரத்தா என்று யாருக்கு தெரியும்? ஊர் பெயரை சொல்லணும்.

மலேரியா பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கண்ணாடி தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். முதல் தடவை கிருமி இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கிருமி குறைவாக இருக்கும்போது தப்பி விடும். தகட்டில் பார்ப்பதற்கு முன்பே நாமாக 2 மாத்திரை போட்டுக்கொண்டால் கிருமி அரைகுறையாக செத்து, பரிசோதனையும் குழம்பி விடும்.

என்ன காய்ச்சல் என்று தெரியும் வரைக்கும் பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் வேண்டாம். உடம்பு வலிக்கு போடும் ஆஸ்பிரின், டைகுளோபினாக், ஐபுபுரூபன் எல்லாம் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். "வலிக்கு ஒரு ஊசி போடுங்க" என்று நாமே கேட்டு வாங்கிக் கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அது இந்த இடத்தில் ஆபத்து. நிலவேம்பு கசாயம், பப்பாளி இலைச்சாறு குடிக்கிறவங்க குடிக்கட்டும். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து குடிக்கட்டும்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கண்டம். காய்ச்சல் விட்டது என்று குளித்துவிட்டு வண்டி எடுக்க கிளம்புவாங்க. வயிறு விடாமல் வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், பல் ஈறில் ரத்தம் வந்தால், கை கால் சில்லிட்டு சோர்ந்து போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். மலேரியாவில் கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைந்து கருப்பாக போவது, வலிப்பு, உளறல், மூச்சு வாங்குவது எல்லாம் அபாய அறிகுறி. 108-க்கு போன் செய்யுங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

6 மாதம் கழித்து திரும்பி வரும்

இந்தியாவில் பால்சிபாரம் போலவே வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவும் உண்டு. உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் தொல்லை அதிகம். இதன் கிருமி கல்லீரலில் தூங்கிக்கொண்டே இருந்து மாதங்கள் கழித்து மறுபடி எழுந்து வரும். அதை கல்லீரலிலேயே கொல்ல பிரைமாகுயின் என்ற மாத்திரையை 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 3-வது நாளே காய்ச்சல் விட்டு விடும், அதோடு மாத்திரையையும் விட்டு விடுவாங்க. லோடு வந்து விட்டது, வண்டி கிளம்பி விட்டது என்று காரணம் சொல்லுவாங்க. பிறகு எங்கோ நாக்பூர் பக்கம் ரோட்டில் வண்டி ஓட்டிக் கொண்டிருக்கும்போது உடம்பு தூக்கிப்போட ஆரம்பிக்கும். 14 நாள் மாத்திரையை வண்டியிலேயே எடுத்துப் போகலாம், அதற்காக வீட்டில் இருக்க வேண்டியது இல்லை. ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரை ஆகாது என்பதால் டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிடணும்.

என் மாமன் மகன் இப்போது நன்றாக இருக்கிறான். உடம்பு பழைய நிலைக்கு வர 2 மாதம் ஆனது. வேலைக்கு வேறு வழி இல்லை, அடுத்த மாதம் மறுபடியும் உகாண்டா போகிறான். பழைய அட்டை ஆயுசுக்கும் செல்லும் என்பதால் ஊசி தேவைப்படவில்லை. இந்த தடவை மாத்திரையை கிளம்புவதற்கு முன்பே எண்ணிப் பார்த்து, திரும்பி வந்த பிறகு சாப்பிட வேண்டிய 4 மாத்திரையை மட்டும் தனியாக அத்தை வாங்கி அஞ்சறைப்பெட்டிக்கு பக்கத்தில் வைத்துக் கொண்டார். "வந்து என்ற கையில வாங்கி முழுங்கட்டும்" என்கிறார்.